பல்லும் பாலும் தெரிஞ்ச பிள்ளைக்கு ஹாப்பும் ஹோப்பும் வராதா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2021-ல இல்லம் தேடிக் கல்வி (பிள்ளைங்களுக்கு வீட்டுப் பக்கத்துலயே சாயங்காலம் பாடம் சொல்லித் தர்ற தமிழக அரசுத் திட்டம்) ஆரம்பிச்சப்போ தன்னார்வலரா சேர்ந்தவ நான். இப்பவும் சாயங்காலம் ஆனா எங்க வீட்டுத் திண்ணையில பத்துப் பன்னெண்டு பிள்ளைங்க பையைத் தூக்கிட்டு வந்து உக்காந்துடுதுங்க, எல்லாம் மூணாவதுல இருந்து அஞ்சாவது வரைக்கும். பிள்ளைங்களுக்கு இங்கிலீஷ் வாசிக்கச் சொல்லித் தர்றதைப் பத்தி ரொம்ப நாளா மனசுல கிடக்கற ஒரு விஷயத்தை பெத்தவங்களுக்கும் டீச்சருங்களுக்கும் சொல்லணும்னு தான் இந்த லெட்டர்.

போன வாரம் நாலாவது படிக்கிற ஒரு பையன் கே-ஐ-டி-ஈ ங்கற வார்த்தையை "கிட்டே"ன்னு படிச்சான். பக்கத்துலயே பட்டம் விடுற படம் இருக்கு. எழுத்து ஒவ்வொண்ணா கேட்டா சரியா சொல்றான், டிக்டேஷனுக்கு மனப்பாடமும் பண்ணிட்டு வர்றான், ஆனா புதுசா ஒரு வார்த்தை குடுத்தா திணறிப் போறான். தமிழ் பாடத்தை கடகடன்னு வாசிக்கிற பையன் அவன். ஆங்கிலத்துலயும் குறில் நெடில் இருக்குன்னு மட்டும் யாரும் அவன்கிட்ட சொல்லல.

நாம ஏ ஃபார் ஆப்பிள்னு ஆரம்பிச்சு ஒரு எழுத்துக்கு ஒரு சத்தத்தை மட்டும் பதிய வச்சிடறோம். ஆனா ஏ, ஈ, ஐ, ஓ, யூ ன்னு அந்த அஞ்சு உயிரெழுத்தோட பேரை தமிழ்ல எழுதிப் பாருங்க, அஞ்சும் நெடில். ஆங்கிலத்துல நெடில்னா அந்த எழுத்து தன் பேரையே சொல்றது, அவ்வளவு தான். கேக்-ல ஏ, கைட்-ல ஐ, ஹோப்-ல ஓ, க்யூட்-ல யூ.

அடுத்தது அந்த கடைசியில சத்தமில்லாம நிக்கிற ஈ. அதை மேஜிக் ஈ ன்னு சொல்லிக் குடுக்கறாங்க, பிள்ளைங்களும் மேஜிக்னு திருப்பிச் சொல்லுதுங்க, எதுக்கு நிக்குதுன்னு புரியறதில்ல. நான் போர்டுல "கோ" ன்னு எழுதினேன். முன்னாடி இரட்டைக்கொம்பு, நடுவுல க, பின்னாடி துணைக்கால். கொம்பும் காலும் ரெண்டு பக்கமும் பிரிஞ்சு நின்னாலும் நீங்க ஒரே ஓ-வா தானே படிக்கிறீங்க, அதே மாதிரி தான் கேக்-ல கே-க்கு முன்னாடி ஏ, பின்னாடி ஈ, ரெண்டும் சேர்ந்து ஒரே நெடில்னு சொன்னேன். ஒரு நிமிஷம் எல்லாம் போர்டையே பாத்துச்சு, அப்புறம் அந்த கிட்டே பையன் தான் முதல்ல "கைட்"னு கத்தினான். எனக்கு கண்ணு கலங்கிடுச்சுங்க.

தமிழ்ல இ-யை நீட்டினா ஈ, அங்க மட்டும் ஏன் இ-க்கு நெடில் ஐ ன்னு ஒரு பொண்ணு கேட்டா. நியாயமான கேள்வி. 600, 700 வருஷத்துக்கு முன்னாடி அவங்களும் நம்மள மாதிரி தான் நீட்டிச் சொன்னாங்க, நேம்-ங்கற வார்த்தை அப்போ கிட்டத்தட்ட "நாமெ", கடைசி ஈ-க்கும் சத்தம் இருந்துச்சு. (நாம சொல்ற நாமம்ங்கற வடமொழிச் சொல்லும் இதுவும் தூரத்துச் சொந்தம்.) 1476-ல வில்லியம் காக்ஸ்டன் இங்கிலாந்துல அச்சகம் வச்சாரு, அதுக்கப்புறம் ஸ்பெல்லிங் கொஞ்சம் கொஞ்சமா கெட்டிப்பட்டுப் போச்சு, ஆனா நெடில் உச்சரிப்பு மட்டும் 1700 வாக்குல வரைக்கும் மாறிக்கிட்டே இருந்துச்சு. அந்த இடைவெளியில தான் நம்ம பிள்ளைங்க இன்னைக்கு தடுக்கி விழுதுங்க.

ஹோப் (நம்பறது) ஹோப்பிங் ஆனா ஸ்பெல்லிங்ல ஒரு பி, ஹாப் (தத்துறது) ஹாப்பிங் ஆனா ரெண்டு பி, இது பெரியவங்களே தப்பு விடுற இடம். இதுக்கும் தமிழ்லயே விடை இருக்கு. பல் கூட இல்லை சேர்ந்தா பல்லில்லை, பால் கூட இல்லை சேர்ந்தா பாலில்லை. தனிக்குறிலுக்கு அப்புறம் ஒற்று இரட்டிக்கும், நெடிலுக்கு அப்புறம் இரட்டிக்காது, தமிழ்ல ஹாப்னு கால் போட்டு எழுதினாலும் ஆங்கிலத்துல அதுல வர்ற ஓ குறில், ஹோப்-ல வர்ற ஓ நெடில், அதே கணக்கு. இலக்கண வகுப்புல தூங்கி வழிஞ்ச விதி ஆங்கிலத்துக்கு இப்படி உதவும்னு எனக்கே சொல்லிக் குடுக்கும்போது தான் தெரிஞ்சுது.

எல்லாத்துக்கும் தமிழ் கைகொடுக்கும்னு சொல்ல மாட்டேன். கடல் சீ-யும் பார்க்கற சீ-யும் சத்தம் ஒண்ணு ஸ்பெல்லிங் வேற, அதை மரம் மறம் மாதிரி கண்ணால பாத்துப் பாத்து தான் பழகணும். அதுலயும் குடும்பம் குடும்பமா குடுத்தா சுலபம், ஏ சத்தம் வார்த்தை நடுவுல வந்தா ரெயின் மாதிரி ஏ-ஐ, கடைசியில வந்தா டே மாதிரி ஏ-ஒய். ஒரே வார்த்தையை பத்து தடவை இம்போசிஷன் எழுதறதுக்கு பதிலா, ஒரே மாதிரி பத்து வார்த்தையை வாய்விட்டு ஒரு தடவை வாசிச்சா போதும்.

இங்கிலீஷ் பீரியட்ல தமிழ் பேசினா ஃபைன் போடுற பள்ளிக்கூடத்துல இருந்தும் என்கிட்ட பிள்ளைங்க வருது. தயவுசெஞ்சு அதை விடுங்க. அந்தக் குழந்தைகிட்ட இருக்கற ஒரே சாவி தமிழ் தான், அதையும் வாசல்லயே பிடுங்கி வச்சுட்டா அது எதை வச்சு திறக்கும்?

உங்க கிட்ட ஒரு வேண்டுகோள். சிறுவர் பக்கத்துல வாரத்துக்கு ஒரு நெடில் குடும்பத்தை, தமிழ்ல நாலு வரி விளக்கத்தோட போடுங்க. எங்க திண்ணையில வெட்டி ஒட்டி வச்சுக்குவோம். நேத்து அந்தப் பையன் "அப்போ ஹேவ், கிவ்-ல ஈ இருக்கே, அது ஏன் நெடில் ஆகல"ன்னு கேட்டான். ஆங்கிலத்துல வார்த்தையை வி-யில முடிக்கிற வழக்கம் இல்ல, அதனால அந்த ஈ சும்மா துணைக்கு நிக்குதுன்னு சொல்லியிருக்கேன். இன்னும் எத்தனை அப்படி இருக்குன்னு நோட்டுல தேடித் தேடி எழுதிக்கிட்டு இருக்கான்.

இப்படிக்கு,
ஒரு தன்னார்வலர்,
தர்மபுரி மாவட்டம்