குடிலைக் கட்டும் முன் கூட்டுபவரைத் தேடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மலைப்பகுதிக் காட்டுப் பாதைகளில் நடப்பவர்களுக்காக இன்னும் நிறையத் தங்குகுடில்களும் ஓய்விடங்களும் வேண்டும் என்று வலியுறுத்தி உங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். அந்தக் கோரிக்கையில் எனக்கு முழு உடன்பாடு உண்டு. ஆனால், எத்தனை குடில்கள் என்ற கணக்கோடு கட்டுரை நின்றுவிட்டது. எந்த இடத்தில் கட்டுவது, கட்டிய பிறகு யார் கூட்டிப் பெருக்குவது என்ற இரண்டு கேள்விகளும் அதில் எழவே இல்லை. இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் காடுகளில் நடந்துவருபவன் என்ற முறையில், ஒரு குடில் பயன்படுவதும் பாழாவதும் பெரும்பாலும் இந்த இரண்டு கேள்விகளுக்கான விடையைப் பொறுத்தே அமைவதைப் பார்த்திருக்கிறேன்.

ஒருமுறை பகல் முழுவதும் தூறலில் நனைந்தபடி நடந்து, இருட்டுவதற்குச் சற்று முன்பு, முகட்டின் மேல் புதிதாகக் கட்டப்பட்டிருந்த ஒரு குடிலை அடைந்தோம். பார்வைக்கு அழகான கட்டடம்தான். பள்ளத்தாக்கு முழுவதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகத் திறந்த பக்கத்தை மேற்கு நோக்கி வைத்திருந்தார்கள். மழைக்காற்றும் அதே மேற்கிலிருந்துதான் வந்தது. உள்ளே இருந்த பலகைத் திண்ணையில் முக்கால் பாகம் நனைந்து கிடந்தது. கூரையோரத் தகரக் கால்வாயில் சருகு அடைத்துக்கொண்டதால், வழிந்த தண்ணீர் வாசற்படியில் விழுந்து உள்ளே தெறித்தது. நாங்கள் நால்வரும் பின்சுவரோடு ஒட்டி, முழங்காலை மடக்கி உட்கார்ந்தே இரவைக் கழித்தோம். திறப்பு விழாக் கல்வெட்டு மட்டும் சாரல் படாத மூலையில் பத்திரமாக இருந்தது.

காட்சிமுனை வேறு, தங்குமிடம் வேறு. உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பநிலை சராசரியாக ஆறரை டிகிரி செல்சியஸ் குறையும். முகட்டில் அதோடு காற்றும் சேர்ந்துகொள்ளும். நனைந்த உடையோடு காற்றில் நிற்பவரின் உடல், கடுங்குளிர் இல்லாத நாளிலும் ஆபத்தான அளவுக்கு வெப்பத்தை இழக்கக்கூடும். குடில் மிக அவசரமாகத் தேவைப்படுவது அப்படிப்பட்ட ஒருவருக்குத்தான். எனவே அது முகட்டிலிருந்து சற்றுக் கீழே, காற்று மறைவான சரிவில், திறந்த பக்கம் மழைக்காற்றுக்கு எதிர்த்திசையில் இருக்கும்படி அமைய வேண்டும். மின்னலையும் இங்கே சொல்லியாக வேண்டும். மூன்று சுவரும் ஒரு கூரையும் மழையை மறைக்குமே தவிர மின்னலிலிருந்து காப்பாற்றாது. உயரமான வெட்டவெளியில் தனித்து நிற்கும் குடிலுக்குள் இடி மின்னலின்போது ஓடி ஒதுங்குவது, பாதுகாப்பு என்ற பொய்யான நம்பிக்கையைத்தான் தரும். இடம் தேர்ந்தெடுப்பவர்கள் அண்ணாந்து பார்ப்பதும் நல்லது. பட்டுப்போன ஒரு பெருமரம் தலைக்கு மேல் சாய்ந்து நின்றால், அந்த இடம் எவ்வளவு சமதளமாக இருந்தாலும் வேண்டாம்.

எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு குடில் என்று கட்டுரையாளர் கேட்டிருந்தார். மலையில் தூரத்தைக் கிலோமீட்டரில் அளப்பதே எனக்குச் சரியாகப் படவில்லை. ஸ்காட்லாந்து மலையேற்றக்காரர் வில்லியம் நெய்ஸ்மித் 1892-ஆம் ஆண்டிலேயே இதற்கு எளிய கணக்கு ஒன்றைச் சொல்லிவிட்டார்: ஏறத்தாழ 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதற்கு மேல் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். இதன்படி, சமதளத்தில் இரண்டு மணி நேரம் பிடிக்கும் 10 கிலோமீட்டர், 900 மீட்டர் ஏற்றம் உள்ள பாதையில் மூன்றரை மணி நேரமாகிவிடும். அதுவும் நல்ல உடல்வலு உள்ளவர் இடையில் உட்காராமல் நடந்தால்தான். வரைபடத்தில் சம இடைவெளியில் புள்ளி வைத்துக் குடில் கட்டினால், ஏறிக் களைத்தவர் அதை எட்டும் முன்பே இருட்டிவிடும்.

ஓய்விடங்கள் எல்லாவற்றுக்கும் கட்டடம் தேவைப்படுவதும் இல்லை. செங்குத்தான ஏற்றத்தின் நடுவே, முதுகுச் சுமையை அவிழ்க்காமலே பின்னால் சாய்த்து வைக்கும்படி இடுப்புக்குச் சற்று மேலான உயரத்தில் ஒரு கல்மேடை இருந்தாலே போதும். தரையில் இறக்கி வைத்த பெரிய சுமையைத் தனியாளாக மறுபடி தோளில் ஏற்றுவது எவ்வளவு பாடு என்பது சுமந்தவருக்குத் தெரியும். ‘சுமைதாங்கி’ என்று நம் மொழியில் இதற்கு ஒரு சொல்லே இருக்கிறது. இருந்தும், வண்ணம் பூசிய சாய்வு நாற்காலிகளைத்தான் நாம் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

இனி, கூட்டுபவர் யார் என்ற கேள்வி. அமெரிக்காவின் அப்பலாச்சியன் நெடும்பாதை சுமார் 3,500 கிலோமீட்டர் நீளத்துக்கு 14 மாநிலங்களைக் கடந்து செல்கிறது. அதில் 250-க்கும் மேற்பட்ட குடில்கள் உள்ளன. பெரும்பாலானவை மூன்று சுவரும் சரிந்த கூரையும் பலகைத் தளமும் மட்டுமே கொண்டவை. முன்பதிவு கிடையாது, முதலில் வந்தவருக்கு இடம். இவ்வளவு எளிய கட்டடங்கள் இத்தனை காலம் நிலைத்து நிற்பதற்குக் காரணம், பாதையின் ஒவ்வொரு பகுதியையும் ஒரு தன்னார்வலர் மன்றம் ஏற்றுக்கொண்டிருப்பதுதான். பிரிட்டனில் 1965-இல் தொடங்கப்பட்ட மலைக்குடில் சங்கம் ஒன்று, ஆளில்லாமல் கைவிடப்பட்ட பழைய கல்வீடுகளை எடுத்துப் பழுதுபார்த்து, ஏறத்தாழ நூறு குடில்களைப் பூட்டில்லாமல் திறந்து வைத்திருக்கிறது. அவற்றின் சொந்தக்காரர்கள் வேறு. கூரை ஓட்டை அடைப்பவர்கள் சங்க உறுப்பினர்கள். நியூசிலாந்தில் 900-க்கும் மேற்பட்ட குடில்களை அரசுத் துறையே பார்த்துக்கொள்கிறது. யார் பொறுப்பு என்பது நாட்டுக்கு நாடு மாறலாம், ஆனால் பொறுப்பாளர் இல்லாத குடில் மூன்று நான்கு மழைக்காலத்துக்குத்தான் தாங்கும்.

பராமரிப்பு என்றதும் பலரும் வர்ணத்தையும் ஆணியையும் நினைக்கிறார்கள். உண்மையான பராமரிப்பு கழிவறையில் தொடங்குகிறது. குடிலுக்கு ஒரே இரவில் பத்துப் பேர் வந்துவிட்டால், அவர்கள் காட்டில் எங்கே ஒதுங்குகிறார்கள் என்பது கீழே ஓடும் நீரைக் குடிக்கும் எல்லோருடைய பிரச்சினையும் ஆகிவிடும். ஓடை, ஊற்று எதற்கும் குறைந்தது 60 மீட்டராவது தள்ளி, காற்றோட்டமுள்ள மட்குக் கழிவறை அமைத்து, பக்கத்தில் ஒரு வாளி நிறையக் காய்ந்த சருகோ மரத்தூளோ வைத்து, ஒவ்வொருவரும் ஒரு கை அள்ளிப் போட்டுவிட்டு வந்தால் நாற்றம் பெருமளவு அடங்கிவிடும். வாளி காலியானால்தான் சிக்கல் ஆரம்பிக்கும். அந்தக் குழிக்குள் தண்ணீர்ப் போத்தலையும் பிளாஸ்டிக் பையையும் போடுபவர்கள், அவற்றை யாரோ ஒருவர் கம்பியால் துழாவி வெளியே எடுக்க வேண்டியிருக்கும் என்பதை ஒரு நிமிடம் நினைத்துப் பார்ப்பதில்லை. நான் எடுத்திருக்கிறேன், அதனால் சொல்கிறேன்.

அடுத்தது எலி. மிச்ச உணவைத் திண்ணைக்கடியில் விட்டுச்செல்வதை அடுத்து வருபவருக்குச் செய்யும் உதவியாகச் சிலர் நினைக்கிறார்கள். விருந்து எலிக்குத்தான் கிடைக்கிறது. கரடி உலவும் காடாக இருந்தால் எலியோடும் நிற்காது. பல குடில்களில் உத்தரத்திலிருந்து தொங்கும் கயிற்றின் நடுவே ஒரு காலி டப்பாவைக் கவிழ்த்துக் கோத்து, அதற்குக் கீழே உணவுப் பையை மாட்டுகிறார்கள். கயிற்றில் இறங்கிவரும் எலி டப்பாவின் மேல் கால் வைத்ததும் வழுக்கி விழுகிறது. செலவே இல்லாத இந்த ஏற்பாட்டைக் கட்டடத் திட்ட வரைபடம் எதிலும் நான் பார்த்ததில்லை. நான்கு பக்கமும் மூடிய குடிலாக இருந்தால் காற்றுப்போக்கு இல்லாமல் உள்ளே அடுப்பு மூட்டக் கூடாது என்பதைக் கதவிலேயே எழுதி வைக்க வேண்டும். காற்றுப் போதாமல் அடுப்பு எரியும்போது உண்டாகும், கரியமில வாயுவைவிடக் கொடிய கார்பன் மோனாக்சைடு வாயுவுக்கு வாசனை கிடையாது.

ஒவ்வொரு குடிலிலும் ஒரு பதிவேடும், நூலில் கட்டிய ஒரு பென்சிலும் இருக்கட்டும். ஈரத்தில் பேனா எழுதாது. வந்தவர் பெயர், நாள், அடுத்துப் போகும் திசை ஆகியவற்றை எழுதி வைத்தால், ஒருவர் காணாமல் போகும்போது தேடுபவர்கள் முதலில் புரட்டுவது அந்தப் பக்கங்களைத்தான். படிகளில் எது ஆடுகிறது, ஊற்று எந்த மாதத்தில் வற்றுகிறது என்ற செய்திகளும் அதிலேயே சேர்ந்துவிடும்.

நான் முன்பு சொன்ன முகட்டுக் குடிலுக்குச் சென்ற ஆண்டு மறுபடி போனோம். கால்வாயில் அதே சருகு, இப்போது மண்ணாகி, அதில் ஒரு செடியும் முளைத்திருந்தது. இரண்டு பேர் தோளில் ஏறிக் கையால் அள்ளிப் போட்டோம். இருபது நிமிட வேலை. இத்தனை ஆண்டுகளில் அந்த இருபது நிமிடத்துக்கு ஒருவர் நியமிக்கப்படவில்லை. ஆகவே, புதிய குடில் திறக்கப்படும் செய்தியை இனி வெளியிடும்போது, திறந்து வைத்தவரின் பெயரோடு அதைப் பராமரிக்கப் போகிறவர் யார் என்பதையும் உங்கள் செய்தியாளர்கள் கேட்டு எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
காட்டுப் பாதைகளில் நடக்கும் வாசகர் ஒருவர்