வண்டியிலேயே இருங்க மாமா

காங்கேயம்
கார்த்திகை 9

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

முழங்கால் தேறி மாடிப்படி ஏறுகிறாய் என்று உன் வீட்டில் சொன்னார்கள். ஏறினது போதும், அங்கேயே உட்கார்ந்து இதைப் படி. இங்கே ஐப்பசி மழை ஏமாற்றவில்லை. கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் கொழுக்கட்டைப் புல் நன்றாக எழும்பியிருக்கிறது. கிளுவை வேலி ஒரு பக்கம் சாய்ந்து கிடக்கிறது, கட்ட ஆள் கிடைக்கவில்லை. கிடைக்கிற ஆள் கேட்கிற கூலிக்கு வேலியே வேண்டாம் போலிருக்கிறது.

உன் பேரன் வாட்ஸ்அப்பில் அனுப்பின கூகுள் பாரம் வந்தது. கொங்குக் குடும்பங்களின் வேலையும் வருமானமும் பற்றி சமூகவியல் ஆய்வாம். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மாத வருமானத்துக்கு ஐந்து கட்டம். பென்சனை ஒரு கட்டத்தில் அடைத்துவிடலாம், தேங்காய்க் காசை எந்த மாதத்தில் அடைப்பது? சரி என்று ஒன்றைத் தொட்டேன். அடுத்த கேள்வி, 'உங்கள் வீட்டில் வேலை செய்பவர்கள் எத்தனை பேர்?' அதில் நின்றவன்தான், பாரம் இன்னும் பாதியில் கிடக்கிறது. பையன் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு உனக்கு ஞாபகம் இருக்கும். வீடு வீடாகக் கணக்கெடுக்க உனக்கு ஊதியூர்ப் பக்கம் போட்டார்கள், எனக்கு நம் ஊரே விழுந்தது. பயிற்சி வகுப்பில் பின்வரிசையில் உட்கார்ந்து கொட்டாவி விட்டோமே, அந்த வகுப்பில்தான் அதைச் சொல்லியிருக்க வேண்டும். வேலை செய்தீர்களா என்ற கேள்வியோடு அந்த வருஷம் புதிதாக ஒரு வாசகம் சேர்த்திருந்தார்கள்: பண்ணையிலும் குடும்பத் தொழிலிலும் கூலி இல்லாமல் செய்கிற வேலையும் சேர்த்தி என்று. பெண்களின் உழைப்பு கணக்கில் விட்டுப்போகிறது என்று பலர் சண்டை போட்டதால் வந்த வாசகம். நான் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அம்மாவைக் கேட்டேன். "எனக்கென்ன வேலை சாமி, சும்மா ஊட்ல கெடக்கறேன்" என்றாள். அப்படியே எழுதினேன், வேலை இல்லாதவர் என்று. எழுதும்போது கையில் காப்பி. வெடியால நாலு மணிக்கு எழுந்து அவள் கறந்த பாலில் போட்ட காப்பி. இரண்டு எருமை, ஒரு பட்டி ஆடு, சீசனுக்குப் பருத்தி எடுப்பு, சொசைட்டிக்குப் பால் கொண்டுபோவது, எல்லாம் அவள்தான். படிவம் சரியாகத்தான் கேட்டது. அந்த வாசகத்தை அவளிடம் வாய்விட்டுப் படிக்காதவன் நான்.

முப்பது வருஷத்துக்கு மேல் இது எனக்கு உறைக்கவேயில்லை. உறைக்க வைத்தது தங்கச்சி மகள். பாரதியார் பல்கலைக்கழகத்தில் பி.எச்டி. செய்கிறாள். வீட்டிலிருந்தபடியே பனியன் வேலை செய்யும் பெண்களைப் பற்றி ஆய்வு. ஆடியிலிருந்து நான்கு மாதம் எங்கள் தோட்டத்து வீட்டில்தான் இருந்தாள். நான் அவளுக்கு டிரைவர், அவள் எனக்கு வாத்தியார்.

முதல் மாதம் முழுக்க எண்ணிக்கை. வாக்காளர் பட்டியலை எடுத்துவைத்து, பத்து வீட்டுக்கு ஒரு வீடு என்று குறித்துக்கொண்டாள். எனக்கு உள்ளூர ஒரே பெருமை, நம்ம கணக்குப் பாடமாச்சே. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்றேன். "பானையில எல்லா அரிசியும் ஒண்ணா வெந்துதுன்னா சரிங்க மாமா. நம்மூரு அப்படியா வேகுது?" என்றாள். அதுவும் சரிதான். நடு ஊர், பண்ணைவேலைக்கு வருகிறவர்கள் குடியிருக்கும் தெற்கு வளவு, தோட்டத்து வீடுகளான சாளைகள், மில் பக்கம் லைன் வீடுகள் என்று ஊர் தனித்தனிச் சட்டியாக அல்லவா கொதிக்கிறது! ஒவ்வொரு சட்டியிலிருந்தும் தனித்தனியாக அள்ள வேண்டும், அதற்குத்தான் அடுக்கு மாதிரி என்று பெயராம். லைன் வீடுகளில் இன்னொரு சிக்கல். அங்கே இருப்பவர்கள் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள், நம் ஊர் வாக்காளர் பட்டியலில் அவர்கள் பெயரே இல்லை. பட்டியலில் இல்லாதவன் எத்தனை பத்து எண்ணினாலும் வர மாட்டான். அவளே லைன் லைனாக நடந்து வேறொரு பட்டியல் எழுதினாள்.

உன் பேரனிடம் இதைச் சொல். அவன் பாரம் யாருக்குப் போயிருக்கும்? ஸ்மார்ட் போன் வைத்திருந்து, தாத்தாவுக்குச் சிநேகிதனாகவும் இருப்பவனுக்கு. 1936இல் அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் யார் ஜெயிப்பார் என்று கணிக்க லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு வாக்குச்சீட்டு அஞ்சலில் அனுப்பியது. 23 லட்சத்துக்கு மேல் திரும்பி வந்தன. லாண்டன் ஜெயிப்பார் என்று அடித்துச் சொன்னார்கள். ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐ அள்ளிக்கொண்டு போனார். விலாசத்தில் பெரும்பகுதியை எடுத்தது டெலிபோன் பட்டியலிலும் கார் பதிவிலும். அந்தப் பொருளாதார மந்தக் காலத்தில் அவை வசதிக்காரர்களிடம்தான் இருந்தன. போதாததற்கு, சீட்டைத் திருப்பி அனுப்பச் சிரத்தை எடுத்தவர்களும் ஒரே ரகத்து ஆட்கள்தான். கருத்துக்கணிப்பு நடத்திய ஜார்ஜ் காலப் என்பவர் வெறும் 50,000 பேரைக் கேட்டே சரியாகச் சொன்னார். பிளஸ் டூ பையன்களுக்கு வருஷா வருஷம் நான் சொன்ன கதை. சொன்னவனே பாரத்தைப் பாதியில் விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன், பார்.

இரண்டாவது மாதம்தான் எனக்கு அடி விழுந்தது. தெற்கு வளவில் வயதான ஒரு அம்மாளிடம் பேசப் போனோம். நான் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்தேன், அவர் நின்றுகொண்டே இருந்தார். எதைக் கேட்டாலும் "ஒரு கொறையும் இல்லீங்க", "அவிங்க நல்லபடியாத்தான் பார்த்துக்கறாங்க". பத்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. திரும்பும் வழியில் இவள் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் ஊர் எல்லையிலேயே, "மாமா, நீங்க வண்டியிலயே இருங்க" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. முப்பத்தைந்து வருஷம் வாத்தியார், ஊரில் எல்லோருக்கும் நல்லவன் என்று நினைத்துக்கொண்டிருந்தவன். வேப்பமரத்தடியில் வண்டியைப் போட்டு உட்கார்ந்தேன். அன்றைக்கு அவள் திரும்பி வர இரண்டரை மணி நேரம் ஆயிற்று. அந்த அம்மாள் என்ன சொன்னார் என்று கேட்டேன். சொல்ல மாட்டேன், சொன்னவரை யாரும் அடையாளம் கண்டுவிடக்கூடாது என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்றாள். என்னிடம்கூடவா என்று கேட்க வாயெடுத்தேன், அப்புறம் மென்று விழுங்கிவிட்டேன். யாரை நினைத்து அந்த வாக்கைக் கொடுத்திருப்பாள் என்று எனக்கே தெரியாதா என்ன? நாம் போய் உட்கார்ந்தாலே அங்கே பேச்சு மாறுகிறது, மாப்பிள்ளை. அவளும் நம் வீட்டுப் பிள்ளைதான், அவளிடமும் எல்லாம் வந்திருக்காது. அதையும் ஆய்வில் எழுதப் போகிறாளாம், நான் இன்னார், அதனால் எனக்கு இவ்வளவுதான் சொன்னார்கள் என்று.

பிறகு பிசிறு வெட்டுகிற வீடுகள். டிவிஎஸ் 50இல் பனியன் மூட்டை வந்து இறங்கும், பெண்கள் டிவி பார்த்தபடி நூல் பிசிறை வெட்டிப் போடுவார்கள், பீசுக்கு இவ்வளவு என்று கணக்கு. வேலை பார்க்கிறீர்களா என்றால் என் அம்மா சொன்ன அதே பதில். இவள் கேள்வியையே மாற்றினாள். "நேத்து எந்திரிச்சதுல இருந்து படுக்கற வரைக்கும் என்னென்ன பண்ணுனீங்க?" அரசாங்கமும் இப்படி நேரக் கணக்கு எடுத்திருக்கிறது. 1998-99இல் ஆறு மாநிலங்களில் ஒத்திகை பார்த்தார்கள், தமிழ்நாடும் அதில் ஒன்று. நாடு முழுவதும் 2019இல். இவள் கேட்டதோடு விடவில்லை, தானும் ஒரு கத்தரியை எடுத்து வெட்டினாள். கையில் கொப்புளம். பேசுகிறவர்கள் கண்ணைப் பார்க்காமல், வேலையைப் பார்த்துக்கொண்டே பேசினால்தான் பேச்சு வருகிறது என்கிறாள். மூட்டை வராத வாரங்களில் கடைக்காரர் கடன் எப்படி ஓடுகிறது, மாமியார் முன்னால் காசை எங்கே வைப்பது என்பதெல்லாம் அப்படி வந்தவை. எந்தப் படிவத்தில் இதற்குக் கட்டம் போடுவாய்?

இராத்திரி வந்ததும் எழுதிவிடுவாள். நோட்டைப் படம் பிடித்து மெயிலில் தனக்கே அனுப்பிக்கொள்வாள். சமூகவியலாளர் எம்.என்.சீனிவாஸ் 1948இல் மைசூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் தங்கிச் சேர்த்த குறிப்புகள், 1970இல் அமெரிக்காவில் ஸ்டான்போர்டில் யாரோ வைத்த தீயில் எரிந்துபோயின. மனிதர் நினைவிலிருந்தே புத்தகம் எழுதினார். அந்தக் கதை கேட்டதிலிருந்து இவளுக்குப் பயம்.

நம் பக்கத்திலேயே இந்த வேலை நடந்திருக்கிறது, நமக்குத்தான் தெரியவில்லை. 1964இல் ஓலப்பாளையத்தில் பிரெண்டா பெக் என்ற மானிடவியல் ஆய்வாளர் இரண்டு வருஷம் தங்கினார். நாம் அரைக்கால் சட்டையோடு கிளுவை வேலி தாண்டித் திரிந்த காலம். பொன்னர் சங்கர் என்கிற அண்ணன்மார் கதையை டேப்பில் பதிந்தது அவர்தான், 1965இல். ஜூடித் ஹேயர் என்பவர் 1981-82இல் கோயம்புத்தூர் ஜில்லாக் கிராமங்களில் ஆய்வு செய்து, 1996இல் அதே ஊர்களுக்குத் திரும்பி வந்து பார்த்திருக்கிறார், அதற்குப் பிறகும் வந்தார். ஒரே ஊரை இடைவெளி விட்டுப் பார்ப்பது தனி முறை. எனக்கு இதுதான் ரொம்பப் பிடித்தது. ஒரு தடவை பார்த்தால் கூலி எவ்வளவு என்று தெரியும். திரும்பப் போனால்தான் பண்ணையத்தில் இருந்தவன் பிள்ளை பனியன் கம்பெனிக்குப் போனானா, போனவன் வந்துவிட்டானா என்று தெரியும்.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கும் அவளுக்கும் ஒத்துப்போகவில்லை. சந்தகை சாப்பிடும்போதெல்லாம் சண்டை. நீ இந்த முப்பது பேரோடு ஆழமாகப் பேசிவிட்டாய் சரி, இவர்களைப் போல ஊரில் எத்தனை பேர் என்று கேட்டால் என்ன சொல்வாய் என்பேன். எத்தனை என்று எண்ணுவதற்கு முன்னால் எதை எண்ணுவது என்று தெரிய வேண்டாமா மாமா, பாட்டியை நீங்க எண்ணுன மாதிரியா என்பாள். அங்கே வாயடைத்துப்போகும். இருந்தாலும் நான் விடுவதில்லை. முதல் மாதம் எடுத்த எண்ணிக்கையை அவள் ஓரத்தில் தள்ளிவிட்டாளோ என்று எனக்குச் சந்தேகம்.

போன வாரம் கோயம்புத்தூர் போய்விட்டாள். வீடு வெறிச்சென்று இருக்கிறது. அடுத்த கணக்கெடுப்பு 2027 மார்ச் 1ஐ வைத்து என்று அறிவித்திருக்கிறார்கள். நம்மைக் கூப்பிட மாட்டார்கள்.

பேரனைப் பொங்கல் லீவுக்கு அனுப்பி வை. பாரத்தை அச்சடித்துக்கொண்டு வரட்டும், நாலு வீட்டில் படித்துக் காட்டி எங்கே ஜனங்கள் முழிக்கிறார்கள் என்று பார்க்கலாம். கச்சாயம் சுட்டு வைக்கச் சொல்கிறேன். வண்டி இருக்கிறது, நான் உள்ளேயே உட்கார்ந்துகொள்கிறேன். வரும்போது அவனிடம் ஒன்று கொடுத்தனுப்பு: 1991 பயிற்சியில் கொடுத்தார்களே, அந்தக் கையேடு. என்னுடையது கரையான் தின்றுவிட்டது. நீ எதையும் தூக்கிப்போடாதவன், பரணில் கிடக்கும். அந்த வாசகத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும்.

உன்
பின்வரிசைக்காரன்