உரிமம் முடங்கிய ஓட்டுநருக்கு நிபந்தனையுடன் கூடிய அனுமதி வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடித்துவிட்டு வண்டி ஓட்டியதற்காக ஓட்டுநர் உரிமம் முடக்கப்பட்டவர்கள், பிழைப்புக்கு மட்டும் வண்டி ஓட்டிக்கொள்ள ‘டெம்பரரி பர்மிட்’ வாங்கிக்கொள்ளலாம் என்ற பேச்சு எங்கள் பகுதியில் ஓட்டுநர்களிடையே நெடுநாளாக உலவுகிறது. அப்படி ஓர் அனுமதி நம் நாட்டுச் சட்டத்தில் இல்லை. இல்லாத அனுமதிக்கு என் தம்பி 6,500 ரூபாய் கொடுத்து ஏமாந்த பிறகுதான் மோட்டார் வாகனச் சட்டத்தை நானே எடுத்துப் படித்தேன். அந்த அனுமதி சட்டப்படியே கிடைக்க வழி செய்ய வேண்டும் என்றும், அதை யாருக்குத் தரலாம், யாருக்குத் தரவே கூடாது என்றும் எனக்குத் தோன்றியதை எழுதுகிறேன்.

என் தம்பி ‘குட்டியானை’ என்று நாங்கள் சொல்லும் சிறிய சரக்கு வண்டி வைத்திருக்கிறான். காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் இரவு இரண்டு மணிக்கு மேல் மீன் ஏற்றி, சிந்தாதிரிப்பேட்டைக்கும் வானகரத்துக்கும் கொண்டுபோய் இறக்குவது அவன் தொழில். சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, வியாசர்பாடியில் நண்பர் வீட்டு விசேஷத்தில் குடித்துவிட்டு பைக்கில் வீடு திரும்பும்போது, மூலக்கொத்தளம் அருகே போலீசார் நிறுத்தி ஊதச் சொன்னார்கள். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலுக்கு மேல் இருந்தால் 185-ஆவது பிரிவின்படி குற்றம். அவனுக்கு 46 காட்டியது. பத்தாயிரம் ரூபாய் அபராதம் கட்டினான். அது சரிதான், அவன் செய்தது குற்றம், அதற்கு மன்னிப்புக் கேட்டு நான் இதை எழுதவில்லை. அம்மா ஒரு வாரம் அவனுடன் பேசவே இல்லை.

அபராதத்தோடு விஷயம் முடிந்துவிட்டது என்றுதான் நாங்கள் நினைத்தோம். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, இந்தக் குற்றத்தில் சிக்கியவரின் உரிமத்தைக் கைப்பற்றி, உரிமம் வழங்கும் அதிகாரிக்கு அனுப்ப வேண்டும் என்று 206-ஆவது பிரிவு காவல் துறைக்குக் கட்டளையிடுகிறது. கைப்பற்றும்போது ஒப்புகைச் சீட்டு தருவார்கள். வேறு சில காரணங்களுக்காக உரிமத்தை வாங்கி வைத்தால் அந்தச் சீட்டைக் காட்டி வண்டி ஓட்டலாம். குடித்துவிட்டு ஓட்டுவது உள்ளிட்ட சில குற்றங்களில், அந்தச் சீட்டு வண்டி ஓட்ட அதிகாரம் தராது என்று சட்டமே சொல்கிறது. ஆகவே பிடிபட்ட இரவிலிருந்தே தம்பியின் குட்டியானை தெருமுனையில் நின்றுவிட்டது.

பிறகு போக்குவரத்து அலுவலகத்திலிருந்து, உங்கள் உரிமத்தை ஏன் முடக்கக் கூடாது என்று விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. அபராதம்தான் கட்டியாகிவிட்டதே என்று அவன் அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். துணி ஊறவைக்கும்போது நான்தான் அதைக் கண்டெடுத்தேன். எழுத்தெல்லாம் கலங்கி, தேதி மட்டும் தெளிவாகத் தெரிந்தது; அந்தத் தேதி போய் ஐந்து நாளாகியிருந்தது. பிடிபட்ட நாளிலிருந்து 39-ஆம் நாள் உத்தரவு வந்தது: அனைத்து வகை வாகனங்களையும் ஓட்ட மூன்று மாதம் தடை, உத்தரவுத் தேதி முதல். முன்னே வண்டி நின்ற 39 நாளும் கணக்கில் வரவில்லை. மூன்று மாதம் முடிந்தாலும் உரிமம் தானாகக் கைக்கு வராது. ஓட்டுநர் புத்தாக்கப் பயிற்சியை முடித்துச் சான்று காட்டினால்தான் திருப்பித் தருவார்கள். எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய ஐந்து மாதம். வண்டிக் கடனுக்கு மாதத் தவணை 11,400 ரூபாய். இரவுக்கு 800 ரூபாய் கொடுத்து வேறு ஓட்டுநரை வைத்துப் பார்த்தோம். டீசலும் சுங்கமும் போக மிச்சம் எதுவும் நிற்கவில்லை. வேறு வேலைக்குப் போவதென்றாலும் அவனுக்குத் தெரிந்த வேலையெல்லாம் துறைமுகத்தைச் சுற்றித்தான் இருக்கிறது.

இந்த நிலையில்தான் டீக்கடையில் ஒரு புரோக்கர், ‘வேலைக்கு மட்டும்’ என்று பர்மிட் வாங்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். ஒரு வாரத்தில் லேமினேட் செய்த தாள் ஒன்று வந்தது. முத்திரை நகலெடுத்தது போல மங்கலாக இருந்தது. உத்தரவு எண் இருக்க வேண்டிய இடத்தில் என் தம்பியின் பைக் நம்பரே அச்சிடப்பட்டிருந்தது. அதை நம்பி அவன் மூன்று இரவு வண்டி ஓட்டியிருக்கிறான். தடைக் காலத்தில் வண்டி ஓட்டினால் 182-ஆவது பிரிவின்படி மூன்று மாதம் வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அதைவிட எனக்குப் பயமாக இருந்தது வேறொன்று: தடை விதிக்கப்பட்டவர் ஓட்டிய வண்டியால் யாருக்காவது அடிபட்டால், காப்பீட்டு நிறுவனம் அதைக் காட்டியே பொறுப்பிலிருந்து விலகப் பார்க்கும். அடிபட்டவர் நியாயம் கேட்டு நீதிமன்றத்துக்கு அலைய வேண்டும். அந்த மூன்று இரவில் எதுவும் நடக்கவில்லை என்பது எங்கள் அதிர்ஷ்டம். புரோக்கரை நம்பிக் காத்திருந்ததில், உத்தரவு கிடைத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யும் வாய்ப்பும் போய்விட்டது.

சட்டத்தைப் படித்தபோது ஒரு விஷயம் என்னை வெகுவாக வருத்தியது. 19-ஆவது பிரிவு, முதல் முறை குற்றத்துக்கு மூன்று மாதம் தடை என்று சொல்லும் அதே இடத்தில், உரிமத்தில் உள்ள ‘எல்லா வகை வாகனங்களுக்கோ ஏதேனும் ஒரு வகைக்கோ’ தடை விதிக்கலாம் என்றும், காரணங்களை விரிவாக எழுத்தில் பதிவுசெய்ய வேண்டும் என்றும் சொல்கிறது. என் தம்பியின் உரிமத்தில் இருசக்கர வாகனமும் இலகுரக வாகனமும் தனித்தனி வகைகளாகவே இருக்கின்றன. பிடிபட்டது பைக்கில், பிழைப்பு நான்கு சக்கரத்தில். விளக்கம் கேட்ட நாளில் அவன் நேரில் போய், தவறை ஒப்புக்கொண்டு, பைக்குக்கு மட்டும் தடை விதியுங்கள் என்று கேட்டிருக்கலாம். அதிகாரி ஏற்றிருப்பாரா என்பது வேறு விஷயம். அப்படிக் கேட்க இடமிருக்கிறது என்பதை அந்தக் கடிதத்தில் ஒரு வரிகூடச் சொல்லவில்லை. கேட்கத் தெரியாதவர்களுக்கு, அச்சிட்ட படிவத்தில் ‘அனைத்து வகை’ என்றே வந்துவிடுகிறது.

வேறு நாடுகளில் இதற்கென்றே முறையான ஏற்பாடு இருக்கிறது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், முதல் முறை சிக்கி உரிமம் முடக்கப்பட்டவர், தன் செலவில் ஒரு கருவியைப் பொருத்திக்கொண்டு ஓட்ட அனுமதி பெறலாம். அதில் ஊதி, மூச்சு சுத்தமாக இருந்தால்தான் எஞ்சின் உயிர்பெறும்; வழியிலும் மறுபடி ஊதச் சொல்லும். உரிமம் அடியோடு ரத்தானவர்கள் விசாரணைக்குப் போய், மதுப் பழக்கம் பற்றிய மதிப்பீட்டைக் கொடுத்து, வேலைக்குப் போக வேறு வழியில்லை என்று நிரூபித்தால், குறிப்பிட்ட காரியத்துக்குக் குறிப்பிட்ட நாளும் நேரமும் வரையறுத்து அனுமதி தருகிறார்கள். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் வேலைக்கென்று வரையறுத்த உரிமத்தை நீதிமன்றத்திலேயே கேட்கலாம். ஆனால் லாரியோ டாக்சியோ போல, ஒரு சொட்டு மதுவும் கூடாத வண்டியை ஓட்டும்போது சிக்கியவருக்கு அது கிடையாது.

அந்தக் கடைசி விதியை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளின் ஓரமாக சைக்கிளில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்கு நான் டியூஷன் எடுக்கிறேன். அந்த டிரெய்லரை ஓட்டுபவரோ, பயணிகளை ஏற்றிச் செல்லும் ஷேர் ஆட்டோ ஓட்டுநரோ வேலையில் இருக்கும்போது குடித்துப் பிடிபட்டால், அவர் வீட்டில் அடுப்பு எரியாவிட்டாலும் அனுமதி தரக் கூடாது. இரண்டாம் முறை சிக்கியவருக்கும், யாருக்காவது காயம் உண்டாக்கியவருக்கும் கூடாது. நம் சட்டத்தில் எல்லா ஓட்டுநருக்கும் அளவு 30 என்றே இருப்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை. வாடகைக்கும் சுமைக்கும் வண்டி ஓட்டுபவருக்கு அது பூஜ்யமாக இருக்க வேண்டும். என் தம்பிக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

இவர்களை நீக்கிவிட்டால் மீதி இருப்பவர் யார்? வேலை நேரத்துக்கு வெளியே, சொந்த பைக்கில், முதல் முறையாக, யாருக்கும் தீங்கு நேராமல் சிக்கிய ஓட்டுநர். முதல் 30 நாள் முழுத் தடைக்குப் பிறகு, புத்தாக்கப் பயிற்சியைத் தடைக் காலத்தின் முடிவில் வைக்காமல் முன்னதாகவே முடித்தவருக்கு, ஒரே ஒரு வண்டி எண், வேலைக்கான நேரம், புறப்படும் இடமும் சேரும் இடமும் எழுதிய அனுமதியைக் கொடுக்கலாம். ஊதிக் காட்டும் கருவியின் செலவை அவரே ஏற்கட்டும். ஒரு நாள் மீறினாலும் அனுமதியோடு உரிமமும் போகட்டும். காசிமேட்டுக்கு அதிகாலை இரண்டு மணிக்கு மெட்ரோவும் கிடையாது, மாநகரப் பேருந்தும் கிடையாது என்பதை நினைத்துப் பார்த்தால், இது சலுகையாகத் தோன்றாது. மோட்டார் வாகனம், மத்திய அரசும் மாநில அரசும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப் பட்டியலில் வருவதால், மத்திய அரசு திருத்தும்வரை காத்திராமல், தமிழக அரசே சட்டத் திருத்தம் இயற்றிக் குடியரசுத் தலைவரின் ஒப்புதலுக்கு அனுப்ப முடியும்.

அதற்குக் காலம் ஆகும். அதுவரை போக்குவரத்துத் துறை மூன்று காரியங்களை உடனே செய்யலாம். விளக்கம் கேட்கும் கடிதத்தில், எந்த வகை வாகனத்துக்குத் தடை என்பது பற்றியும் நேரில் முறையிடலாம் என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். உரிமத்தைக் கைப்பற்றிய நாளிலிருந்தே தடைக் காலத்தைக் கணக்கிட வேண்டும். ‘தடைக் காலத்தில் வேலைக்கென்று எந்தத் தற்காலிக பர்மிட்டும் வழங்கப்படுவதில்லை; மேல்முறையீட்டுக்கு 30 நாள்’ என்று வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்களின் வாசலிலும், எதிரே உள்ள டீக்கடையில் நிற்பவர் கண்ணுக்கும் தெரியும்படி பெரிய எழுத்தில் பலகை வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை.