தாளில் விரித்து வை

குன்னூர்,
ஞாயிறு மாலை

அன்புள்ள கணக்குப்பிள்ளைக்கு,

ஸ்தோத்திரம். உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. உடனே பதில் போடாததற்கு மன்னித்துக்கொள். இங்கே எல்லாரும் சுகம். மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. ஸ்டேஷன் மாஸ்டர் உன்னை விசாரித்தார். அந்த மூன்று கொய்யாப்பழக் கணக்கு இன்னும் பைசல் ஆகவில்லை என்று சொல்லச் சொன்னார்.

உன் கடிதத்தை நாலு தரம் வாசித்தேன். பச்சைத்தேயிலை விலை, சங்கத்து நகைக்கடன், மூத்தவளின் கல்லூரிக் கட்டணம், பெரியம்மாவின் கால், வீட்டுக்குப் பின்னாலிருக்கிற மண்மேடு, சபைக் கணக்கு என்று ஒரு முற்றுப்புள்ளிகூட இல்லாமல் இரண்டு பக்கம். பள்ளிக்கூடத்தில் எங்கள் நோட்டிலெல்லாம் புள்ளி வைத்துத் திருத்தினவனடா நீ. ஆனால் நான் நின்றுபோனது கடைசி வரியில்: ‘காலை நாலு மணிக்கு எழுந்து ஒரு மணி நேரம் ஜெபிக்கிறேன், முடித்து எழும்போது முன்னைவிடப் பாரமாக இருக்கிறது.’

கோபித்துக்கொள்ளாதே. அந்த ஒரு மணி நேரத்தில் பெரும்பங்கு ஜெபமே இல்லை என்று நினைக்கிறேன். ராத்திரி படுக்கையில் ஓட்டின கவலையைக் காலையில் முழங்காலில் நின்று மறுபடியும் ஓட்டுகிறாய், அவ்வளவுதான். கடனில் ஆரம்பித்து மகளுக்குப் போய், மகளிலிருந்து அம்மாவுக்குப் போய், திரும்பக் கடனுக்கே வந்து நிற்கிறாய். நடுவில் ஆண்டவரின் பெயர் பத்துத் தரம் வருகிறது. ஆனால் ஒரு காரியமாவது அவர் கையில் போய்ச் சேரவில்லை.

பிலிப்பியர் 4:6-ஐ நாம் ஞாயிறு பள்ளியிலேயே மனப்பாடம் பண்ணினோம். ‘ஒன்றுக்குங் கவலைப்படாமல்’ என்கிற முதல் துண்டை மட்டும் பிடித்துக்கொண்டு, அது முடியவில்லையே என்று நொந்துபோகிறோம். அடுத்த துண்டில்தான் வேலை இருக்கிறது. ‘உங்கள் விண்ணப்பங்களை’ என்று பன்மையில் சொல்லி, ‘தெரியப்படுத்துங்கள்’ என்று முடிக்கிறார் பவுல், அதுவும் விலங்கோடு இருந்துகொண்டு. தாலுகா ஆபீசில் மனு எழுதிக் கொடுக்கிறவனுக்கு விண்ணப்பம் என்றால் என்னவென்று தெரியும். யார், எந்தச் சர்வே எண், என்ன வேண்டும் என்று எழுதியிருக்க வேண்டும். தேவனுக்கு இந்த விவரம் தேவையில்லை, நாம் கேட்கிறதற்கு முன்னே அவருக்குத் தெரியும் என்று மத்தேயு 6:8 சொல்கிறது. விவரம் நமக்குத்தான் தேவை. பெயர் வைக்காத பயம் பனிமூட்டம் மாதிரி, மலை முழுவதையும் மூடிவிடும்.

யூதாவின் ராஜா எசேக்கியா செய்ததைப் பார். அசீரியருடைய மிரட்டல் கடிதம் வந்ததும் அதை வாசித்தான், ஆலயத்துக்கு எடுத்துப் போனான், கர்த்தருக்கு முன்பாக விரித்து வைத்தான். 2 இராஜாக்கள் 19-ல் இருக்கிறது. அதன் பிறகுதான் வாயைத் திறந்தான். நீயும் அதையே செய். நாலு மணி வேண்டாம், அந்த நேரத்தில் நீ தூங்க வேண்டும். சாயங்காலம் இலை லாரி போனபிறகு, ஆறரை மணி என்று வைத்துக்கொள். இருபது நிமிஷம் போதும், மணி பார்த்து முடி. செல்போனைப் பக்கத்து அறையில் வை. ஒரு முழுத்தாளை எடுத்து, மனதில் கிடப்பதை வரிக்கு ஒன்றாக இறக்கு. ‘பணக்கஷ்டம்’ என்று எழுதினால் அது செல்லாது. எவ்வளவு, யாருக்கு, எந்தத் தேதிக்குள் என்று எழுது. ‘மூத்தவளின் படிப்பு’ என்றும் எழுதாதே. இரண்டாம் தவணைக் கட்டணத்துக்கு எவ்வளவு குறைகிறது என்று எழுது. முதல் நாள் இருபது வரிகூட வரலாம், பயப்படாதே. எழுதி முடித்துப் பார்த்தால் ஒரே காரியம் நாலு வேஷத்தில் வந்திருக்கும்.

அடுத்தது பிரிக்கிற வேலை. கலாத்தியர் 6-ஆம் அதிகாரத்தில் 2-ஆம் வசனம் ‘ஒருவர் பாரத்தை ஒருவர்’ சுமக்கச் சொல்கிறது, 5-ஆம் வசனம் அவனவன் தன் பாரத்தைச் சுமப்பான் என்கிறது. முரண்போலத் தெரிவதற்குக் காரணம், நம் பழைய மொழிபெயர்ப்பில் இரண்டுக்கும் ‘பாரம்’ என்றே இருக்கிறது. கிரேக்கத்தில் இரண்டு வேறு சொற்கள். முதலாவது ஆளை அமுக்குகிற சுமை, இரண்டாவது அவனவன் தோளுக்கென்று கொடுத்த மூட்டை. உன் தாளிலும் வரிக்கு வரி இதைக் கேள்: இது என் மூட்டையா, பிறரோடு சேர்ந்து தூக்கவேண்டியதா, மனுஷன் கையிலேயே இல்லாததா?

இலை விலையை எடு. குன்னூர் ஏலத்தில் தூள் என்ன விலைக்குப் போகிறதோ, அதைப் பொறுத்துத்தான் உன் பச்சைத்தேயிலைக்கு விலை. அதை நீ ராத்திரி முழுக்க விழித்திருந்தாலும் ஐந்து பைசா ஏற்ற முடியாது. பறிப்பு ரவுண்டு தள்ளிப்போகாமல், இலை முற்றுமுன் கொழுந்து பறிப்பது உன் மூட்டை. ‘விலை’ என்ற வரியை ஆண்டவரிடம் விட்டுவிடு. ‘செவ்வாய்க்கிழமை மேல்காட்டுக்கு நாலு ஆள் சொல்லவேண்டும்’ என்ற வரியை வைத்துக்கொள்.

மண்மேடும் அப்படித்தான். 2009 நவம்பரில் நம் மலை சரிந்ததைக் கண்ணால் பார்த்தவர்களுக்கு, ஓட்டின்மேல் மழைச்சத்தம் கேட்டாலே வயிறு கலங்கும். அதை விசுவாசக் குறைவு என்று சொல்ல மாட்டேன். மழை உன் கையில் இல்லை. மேட்டுக்கு மேலே ஓடுகிற வாய்க்கால் உன் கையில் இருக்கிறது. அது அடைத்துக்கொண்டால் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும், ஊறின மண் கனத்து நழுவும். வாய்க்காலைத் தூர்வாரு. மேட்டின் அடியை இனி வெட்டாதே. மேலே புதிதாக விரிசல் விட்டாலோ, கம்பமோ மரமோ சாய்ந்து நின்றாலோ, இதுவரை வராத இடத்தில் கலங்கல் நீர் கசிந்தாலோ, பெரியம்மாவைத் தூக்கிக்கொண்டு முதலில் வெளியேறு, பிறகு மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077-க்குச் சொல். இதைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டு. என்ன செய்வதென்று முன்கூட்டியே முடிவு பண்ணிவிட்டால், ராத்திரியில் அதைத் திரும்பத் திரும்ப முடிவு பண்ண வேண்டியதில்லை.

பிரித்தபிறகு ஜெபி. ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்து, சத்தமாக, ஒரே ஒரு தரம் சொல். ‘ஸ்தோத்திரத்தோடே’ என்று வசனம் சொல்கிறதல்லவா, அதைக் கடைசியில் பொதுவாகச் சொல்லி முடித்துவிடாதே. அந்தந்தக் காரியத்துக்குள்ளேயே அவர் ஏற்கெனவே செய்ததைத் தேடி நன்றி சொல். கட்டணம் குறைகிறது, ஆனால் முதல் தவணை கட்டியாகிவிட்டது, அதற்கு ஸ்தோத்திரம். பெரியம்மா நடக்கவில்லை, ஆனால் உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள், அதற்கு ஸ்தோத்திரம். கடைசியில், நாளைக்குச் செய்யவேண்டியவற்றில் மூன்றுக்கு மட்டும் வட்டம் போட்டுத் தாளை மடித்து வேதாகமத்துக்குள் வை. மூன்றுதான், நாலாவது வேண்டாம். வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குக் கொடுத்த மன்னா என்கிற ஆகாரத்தை ஆளுக்கு ஒரு ஓமர் அளவு, அதுவும் அன்றன்றைக்குத்தான் சேர்க்கச் சொன்னார் ஆண்டவர். மறுநாளுக்கென்று வைத்தது பூச்சி பிடித்தது. ஆறாம் நாள் மட்டும் இரட்டிப்பு, ஓய்வுநாளுக்காக. ஆகவே சனிக்கிழமை ஞாயிறுக்கும் சேர்த்து எழுதிவிடு, ஞாயிற்றுக்கிழமை தாளைத் தொடாதே.

ராத்திரி இரண்டு மணிக்கு அது திரும்ப வரும். வந்தால் தோற்றுப்போனதாக எண்ணாதே. ‘இது தாளில் இருக்கிறது, சாயங்காலம் பார்ப்போம்’ என்று சொல்லிவிட்டு, ஒரே வசனத்தை மெதுவாக ஓட்டு. ‘உங்கள் கவலைகளையெல்லாம் அவர்மேல் வைத்துவிடுங்கள்’ என்கிற 1 பேதுரு 5:7 போதும். மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீட்டு. ஏறக்குறைய இருபது நிமிஷம் தூக்கம் வராவிட்டால் எழுந்து, மங்கின வெளிச்சத்தில் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு சங்கீதம் வாசி, கண் சொக்கும்போது படு. விளக்கைப் போட்டுக் கடன் கணக்குப் பார்க்காதே. மத்தியானத்துக்குப் பிறகு காப்பி, டீ இரண்டையும் நிறுத்து. தேயிலைக்காட்டுக்காரனிடம் இதைச் சொல்வது கஷ்டம்தான், ஆனால் அந்த ஆறு மணி டம்ளரின் வேலை நடுராத்திரியிலும் முடிந்திருக்காது.

உன் கடிதத்தில் இன்னொன்று மனதை அறுத்தது. வேத வசனங்களை எழுதி வைத்திருக்கிற வாக்குத்தத்த அட்டைப் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து, மனதுக்கு ஒட்டாவிட்டால் இன்னொன்று, அப்புறம் இன்னொன்று என்று எடுக்கிறாயாமே. தயவுசெய்து நிறுத்து. அது குறி கேட்கிற வழி, மேலும் மேலும் பதட்டத்தைத்தான் கொடுக்கும். பதிலாக ஒரே சங்கீதத்தை ஒரு மாதம் வைத்துக்கொள். 42-ம் 43-ம் சேர்த்து வாசித்துப் பார். ‘என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்’ என்று மூன்று தரம் வருகிறது. ஒரே தரத்தில் அதைப் பாடினவனுக்குத் தீரவில்லை. கெத்செமனேயில் நம் ஆண்டவரே மூன்றாந்தரமும் அதே வார்த்தைகளைச் சொல்லித்தான் ஜெபித்தார். ஆகவே மறுநாளும் அதே வரியைத் தாளில் எழுத வேண்டியிருந்தால் வெட்கப்படாதே. ‘விசுவாசம் இருந்தால் இப்படிக் கலங்குவாயா’ என்று உன்னிடம் சொன்னவர் யாராயிருந்தாலும், அவர் இந்தப் பக்கங்களை வாசிக்கவில்லை.

இனி சொல்வதைக் கவனமாகக் கேள். பசியில்லை, எடை குறைகிறது, நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது என்று ஓரமாக எழுதியிருக்கிறாய். ஜெபத்தோடுகூட டாக்டரிடமும் போ. இந்த வாரமே. தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் எடை குறையும், நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். நெஞ்சு வலியே வந்தால் கவலையால்தான் என்று நீயாக முடிவு பண்ணாமல் அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போ. மனநல மருத்துவர் மாத்திரை கொடுத்தால் வாங்கிச் சாப்பிடு, நன்றாயிருக்கிறதே என்று நீயாக நிறுத்தாதே. தீமோத்தேயுவின் வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசமும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார் பவுல், ஜெபத்தோடு நிறுத்தவில்லை. இருக்கவே வேண்டாம் என்கிற நினைப்பு எப்போதாவது எட்டிப் பார்த்தால், அன்றைக்கே என்னைக் கூப்பிடு, எந்த மணியானாலும் சரி. நான் எடுக்காவிட்டால் 14416. அரசாங்கத்தின் மனநல உதவி எண், டெலி மானஸ், இருபத்துநாலு மணி நேரமும் உண்டு, காசில்லை, தமிழில் பேசலாம். எலியா தீர்க்கதரிசியும் சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும், உயிரை எடுத்துக்கொள்ளும் என்றுதான் கேட்டான். தேவதூதன் அவனுக்குப் பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். தூங்க விட்டான். திரும்ப எழுப்பி மறுபடியும் சாப்பிடச் சொன்னான். அதனால் வீட்டில் வைக்கிற கஞ்சியைத் தள்ளாதே, அதுவும் பதில்தான்.

சபைக் கணக்கை இன்னொருவரிடம் கொடு. நீயில்லாமல் நடக்காது என்று உனக்கு ஒரு எண்ணம், எட்டாம் வகுப்பிலிருந்தே. காலையிலிருந்து சாயங்காலம்வரை ஒருவனாய் உட்கார்ந்து நியாயம் தீர்த்த மோசேயிடம், இப்படியே போனால் நீரும் ஜனங்களும் தொய்ந்துபோவீர்கள் என்று சொன்னது அவன் மாமனார். மோசே கேட்டான், ஆயிரம்பேருக்கும் நூறுபேருக்கும் ஐம்பதுபேருக்கும் பத்துப்பேருக்கும் தலைவர்களை வைத்தான். ஆயரிடம் நேரில் போய், ‘மார்ச் வரை என்னால் முடியாது’ என்று ஒரே வாக்கியமாகச் சொல். காரணங்களை அடுக்காதே, அடுக்கினால் நீயே உன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டு திரும்பி வருவாய்.

வருகிற சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் வருகிறேன். மண்வெட்டி இரண்டு, பழைய சாக்கு நாலு எடுத்து வை. மழை வலுப்பதற்குள் மேட்டு வாய்க்காலை முடித்துவிடலாம். பெரியம்மாவுக்கு வர்க்கி வாங்கி வருகிறேன், டீயில் ஊறவைத்துக் கொடு.

உன்,
பின்பெஞ்சுக்காரன்