நடு அட்லாண்டிக்கிலிருந்து

அன்புள்ள சேகர்,

இந்தப் பாய்மரப் படகில் சாட்டிலைட் இணையம் இருக்கிறது. ஆனால் அது பாட்டரியைத் தின்றுவிடும் என்று, காலையில் வானிலை பார்க்க மட்டும்தான் படகுக்காரர் அதைப் போடுவார். அதனால் இதை எழுதி வைத்துக்கொண்டு மேற்கிந்தியத் தீவான பார்படாஸில் இறங்கியதும் அனுப்புகிறேன். அதற்குள் உன் மகள் கல்யாணத் தேதி முடிவாகியிருக்கும். நான் ஊருக்கு வரும் மாதமாகப் பார்த்து வை.

நடுக்கடலில் பொழுது எப்படிப் போகிறது என்று கேட்டிருந்தாய். பொழுதே போதவில்லையப்பா. படகுக்காரர், அவர் மனைவி, நான் என்று மூன்றே பேர். 3 மணி நேரம் காவல், 6 மணி நேரம் ஓய்வு. அந்த ஆறில்தான் சமையல், குளியல், தூக்கம், ரிப்பேர் எல்லாம். வானத்துக்கும் கடலுக்கும் நடுவே தத்துவம் பிறக்கும் என்று நினைத்து வந்தேன். பிறப்பது பசியும் தூக்கமும்தான்.

நாங்கள் கிளம்பிய இடம், ஆப்பிரிக்காவுக்கு மேற்கே இருக்கும் கேப் வெர்டே தீவுகளின் மிண்டெலோ துறைமுகம். அங்கிருந்து பார்படாஸுக்கு 2,000 கடல் மைலுக்கு மேல். நல்ல நாளில் 130 மைல் ஓடுவோம். ஐரோப்பாவிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு பழைய மாலுமி வாக்கு உண்டு: வெண்ணெய் உருகும்வரை தெற்கே போ, அப்புறம் மேற்கே திரும்பு. பூகோள வகுப்பில் படித்தோமே வியாபாரக் காற்று, அதுதான் இப்போது முதுகில் அடிக்கிறது. காற்று பின்னாலிருந்து வந்தால் சுகம் என்று நினைக்காதே. படகு இரண்டு பக்கமும் ஓயாமல் உருளும். தம்ளரைக் கீழே வைக்க முடியாது. அடுப்பு படகோடு சாயாதபடி ஊசலாடும் சட்டத்தில் தொங்குகிறது. மூடி பூட்டிக்கொள்வதால் குக்கர்தான் இங்கே ராஜா. சோறு வடிக்கக் கொஞ்சம் கடல் தண்ணீரும் சேர்ப்போம். உப்பும் மிச்சம், நல்ல தண்ணீரும் மிச்சம். முட்டையை ஃபிரிட்ஜில் வைப்பதில்லை, இரண்டு நாளைக்கு ஒருமுறை திருப்பி வைத்தால் வாரக்கணக்கில் தாங்கும். வாழைத்தார் மட்டும் ஏமாற்றிவிட்டது. மொத்தமும் ஒரே நாளில் பழுத்து, மூன்று வேளையும் அதுவே சாப்பாடு.

பெரிய எதிரி புயல் இல்லை, உராய்வு. பாயை இழுத்துப் பிடிக்கும் கயிறு ராப்பகலாக ஒரே இடத்தில் தேய்கிறது. தினமும் காலையில் ஒரு சாண் நீளம் விட்டுக்கொடுத்துத் தேயும் இடத்தை மாற்ற வேண்டும். முந்தின நாள் தேய்ந்த இடத்தில் நார் பஞ்சாகி நிற்கும். பார்த்தால் வயிறு கலங்கும்.

ராத்திரிக் காவலில் கால் மணிக்கு ஒருமுறை சுற்றிலும் பார்த்தாக வேண்டும். அடிவானத்தில் தெரிகிற கப்பல் அவ்வளவு நேரத்தில் நம் மேலேயே வந்துவிடும். பின்பக்கம் ஒரு துண்டு வானத்தில் மட்டும் நட்சத்திரம் காணாமல் போனால் மழைமேகம் வருகிறது என்று அர்த்தம். உடனே பாயைச் சுருட்டுவோம். காற்று இரண்டு மடங்காகும், மழை கொட்டும், அரை மணியில் ஒன்றும் நடக்காத மாதிரி ஆகிவிடும். பார்படாஸும் சென்னையும் கிட்டத்தட்ட ஒரே அட்சரேகை, 13 டிகிரி. அதனால் துருவ நட்சத்திரம் உன் மொட்டை மாடியில் தெரிகிற உயரத்துக்குத்தான் இறங்கிக்கொண்டிருக்கிறது. விடிந்தால் தளத்தில், ராத்திரி பறந்து வந்து விழுந்த கோலா மீன் செத்துக் கிடக்கும். நம் கடற்கரையில் விற்கிறார்களே, அந்த ஜாதிதான். முள் அதிகம், ருசி உண்டு. பார்படாஸில் அதுதான் தேசிய உணவாம், போய்ப் பார்க்கிறேன்.

நம் கடற்படையின் தாரிணி பாய்மரப் படகில் புதுச்சேரி ரூபாவும் கேரளத்து தில்னாவும் உலகைச் சுற்றி வந்த செய்தியை அனுப்பியிருந்தாயே. 2024 அக்டோபரில் கோவாவில் கிளம்பி 2025 மே மாதம் திரும்பினார்கள். இரண்டே பேர், அதுவும் அண்டார்டிகா பக்கத்துத் தென்கடல் குளிரில்! மூன்று பேர் இருந்தும் தூக்கம் போதவில்லை என்று புலம்புகிற எனக்கு அதைப் படித்த பிறகு வாய் எழவில்லை.

சரி, என் முறை வருகிறது. மாடி ஒழுகலுக்குக் கொத்தனாரிடம் முழுப் பணத்தையும் கொடுத்துவிடாதே. ஒரு மழை பெய்யட்டும், ஒழுகாவிட்டால் மீதியைக் கொடு.

உன்,
முரளி