சனிக்கிழமை சேலம்: யார் யார் வர்றீங்க?

நண்பர்களே, வெள்ளி ராத்திரி யோசிச்சு சனி காலை கிளம்புறதுதான் நம்ம வழக்கம். இந்த வாரமும் அப்படியே. காலை 10 மணி, புது பஸ் ஸ்டாண்ட். வெயில் தாங்கலைன்னா ஏற்காடு பஸ் ஏறிடலாம். இல்லேன்னா ஊரைச் சுத்திட்டு சாயங்காலம் தட்டுவடை செட்.

இன்னொரு விஷயம். போன தடவை அரசியல் பேச்சு சூடாகி, ரெண்டு பேர் குழுவை விட்டே போயிட்டாங்க. "இனி அரசியல் வேண்டாம்"னு சிலர் கேட்டீங்க. எனக்கு மனசு ஒப்பலை.

ராஜாஜி 1917-ல் நகராட்சித் தலைவரான ஊர் இது. 1944-ல் பெரியார் தலைமையில் நீதிக்கட்சி திராவிடர் கழகமா மாறினதும் இங்கேதான். அவங்க ரெண்டு பேரும் கொள்கையில எதிரும் புதிரும். பாதி நேரம் பள்ளி, மீதி நேரம் அப்பா தொழில்னு ராஜாஜி கொண்டு வந்த குலக்கல்வித் திட்டத்தை பெரியார் எவ்வளவு கடுமையா எதிர்த்தார்! ஆனா 1972-ல் ராஜாஜி இறந்தப்போ, தள்ளாத வயசுல நேர்ல வந்து கண்ணீர் விட்டார். அந்த நட்பை நினைச்சா இப்பவும் நெஞ்சு நெகிழுது.

அதனால தாராளமா பேசுவோம். சாதி, குடும்பம், சம்பளம் இதையெல்லாம் இழுக்க வேண்டாம். ஒருத்தர் பேசி முடிக்கிற வரைக்கும் மத்தவங்க காத்திருக்கணும், நான் உள்பட.

போனவங்க ரெண்டு பேருக்கும் நானே போன் பண்ணினேன். ஒருத்தர் வர்றேன்னுட்டார். இன்னொருத்தரை நீங்களும் கூப்பிடுங்க. வர்றவங்க இன்னிக்கு ராத்திரி 9 மணிக்குள்ள பேர் போடுங்க.