மூங்கில் மஞ்சளானால் என்ன, மகளே

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். சிங்கப்பூரில் உன் பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி கல்யாணப் பரிசாகக் கொடுத்த ‘லக்கி பாம்பூ’ என்கிற அதிர்ஷ்ட மூங்கிலில் ஒரு தண்டு மஞ்சளாகிவிட்டது என்று போனில் சொன்னாயே, அப்போது உன் குரலே சரியில்லை. இரண்டு தண்டு என்றால் காதலுக்கு, புருஷன் பெண்டாட்டிக்கு என்பார்களாம். ஒன்று போனால் ஆகாது என்று யாரோ உன் காதில் போட்டிருக்கிறார்கள். ஒன்றும் ஆகாது. செடிக்கு வந்தது செடியோடு.

முதலில் அந்தத் தண்டை எடுத்துவிடு. விட்டுவைத்தால் அழுகித் தண்ணீரைக் கெடுக்கும், மற்றதும் வாடும். மேலே பச்சை மிச்சமிருந்தால் அந்தப் பகுதியை மட்டும் கணுவுக்குக் கீழே வெட்டி நல்ல தண்ணீரில் வை. வேர் விடும், மறுபடியும் இரண்டாகிவிடும். அது மூங்கில் இனமே இல்லை. ஆப்பிரிக்காவில் கேமரூன் பக்கம் மர நிழலில் வளர்கிற செடி. நேர் வெயில் பட்டால் இலை கருகும். குழாய்த் தண்ணீரில் இருக்கிற குளோரினும் ஃபுளோரைடும் இலை நுனியைக் காய வைக்கும். சிங்கப்பூரில் மழைக்கா பஞ்சம்? பிடித்து ஊற்று. ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீரை மாற்று. கொசுப்புழு இருந்தால் அங்கே அபராதம் போடுவார்கள்.

அதற்காகப் பாட்டியின் நம்பிக்கையை லேசாக எண்ணாதே. மூன்று தண்டு வைத்தால் மகிழ்ச்சி, செல்வம், ஆயுள் என்பார்கள், நாலு வைக்கமாட்டார்கள்; சீனத்தில் நாலு என்கிற சொல் சாவு என்பதுபோல ஒலிக்குமாம். நூறோடு ஒரு ரூபாய் சேர்த்து நாம் மொய் எழுதுகிறோமே, அதே மனசுதான். நீங்கள் இரண்டு பேரும் நன்றாக இருக்க வேண்டும் என்று அந்த அம்மா எண்ணிப் பார்த்துக் கொடுத்திருக்கிறார்.

மணி பிளான்ட்டைத் திருடி வைத்தால்தான் அதிர்ஷ்டம் என்கிற பேச்சை மட்டும் நான் ஏற்கமாட்டேன். வேண்டுமென்றால் கேட்டு வாங்கு. அது சேப்பங்கிழங்குக் குடும்பம். சேம்பை அரிக்க வைக்கிற கால்சியம் ஆக்சலேட் இதன் இலையிலும் உண்டு, மென்றால் வாய் எரியும். நாளைக்கு வீட்டில் பிள்ளை தவழும்போது எட்டாத உயரத்தில் தொங்கவிடு.

துளசி வைக்க ஆசை என்றாய். நம் ஒப்பிலியப்பன் கோயில் தாயாரை மார்க்கண்டேயர் துளசிச் செடியடியில்தான் குழந்தையாகக் கண்டெடுத்தார். பெண்ணுக்கு உப்புப் போட்டுச் சமைக்கக்கூடத் தெரியாது என்று அவர் சொல்லிப் பார்த்தும், உப்பில்லாமலே சாப்பிடுகிறேன் என்று பெருமாள் கட்டிக்கொண்டார். இன்றைக்கும் அங்கே நைவேத்தியத்தில் உப்புக் கிடையாது. இப்படிப்பட்ட இடத்துப் பெண் நீ, துளசி வைக்காமல் இருக்கலாமா? ஆனால் துளசிக்கு நல்ல வெயில் வேண்டும். பூக்கதிர் வந்ததும் கிள்ளிவிடு, பக்கக் கிளை அடிக்கும்.

என்னைக் கேட்டால், மூங்கிலுக்குப் பக்கத்தில் ஒரு வெற்றிலைக் கொடி வை. நம் காவிரிக் கரைக்கு ஆகிவந்த செடி அது. கும்பகோணம் வெற்றிலைக்கு 2025-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. உன் நிச்சயத்தில் மாற்றிய தட்டில் முதலில் வைத்ததும் அந்த இலைதான். நமக்கு மட்டுமில்லை, மலாய்க்காரர் கல்யாணச் சீரிலும் வெற்றிலை உண்டு. வியட்நாமில் பெண் வீட்டுக்கு வெற்றிலை பாக்கோடுதான் போவார்கள். பாட்டி வீட்டிலும் மலாய்க்காரர் வீட்டிலும் ஆளுக்குக் கொஞ்சம் இலை பறித்துக் கொடுக்கலாமே.

தாத்தா தன் வெற்றிலைக் கொடிக்காலுக்குள் செருப்போடு யாரையும் விடமாட்டார். அகத்தி நிழல் விழுகிற மண், காலை வைத்தால் குளிரும். அந்தக் குளிர்ச்சி தொட்டியிலும் இருந்தால் போதும். மூன்று கணு உள்ள துண்டாக வாங்கி, அடிக்கணு மண்ணுக்குள் போகும்படி நடு. ஏறுவதற்குத் தேங்காய் நார் சுற்றிய குச்சி ஒன்று ஊன்று. ஈரம் காயவும் கூடாது, தண்ணீர் தேங்கவும் கூடாது; தேங்கினால் வேர் அழுகிவிடும். முதலில் வருகிற இலை சின்னதாக இருக்கிறதே என்று பறித்துவிடாதே, கொடி ஏறட்டும்.

உங்கள் வராந்தாவில் காலை வெயிலா, மாலை வெயிலா, எவ்வளவு நேரம் விழுகிறது என்று பார்த்து எழுது. துளசியை எந்தப் பக்கம், வெற்றிலையை எந்தப் பக்கம் வைப்பது என்று சொல்கிறேன். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
அம்மா